ஒரு நாயின் நெடுவாழ்வு

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. பூசலில் பட்ட வீரன் ஒருவனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கல்லில், அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் வட்டெழுத்து நமக்குச் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை இன்று நாம் உச்சரிக்க முடிகிறது என்பது சாதாரணச் செய்தி அன்று.

ஆனால் கோவிவன் ஒரு விதிவிலக்கு. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் நடந்து வந்த விலங்கு நாய். காஷ்மீரின் புர்சஹோமில் புதிய கற்கால மனிதர்கள் தங்களோடு நாய்களையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். அத்தனை நெடிய உறவுக்குப் பின்னும் நாயின் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் கையில் கிடைப்பவை சில எலும்புகள், சில சிற்பங்கள், ஏராளமான வசைமொழிகள். எந்த நாய் எந்த வணிகனோடு நடந்தது, எந்தக் கப்பலில் ஏறியது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வரலாறு வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளில் அறிவியல் கண்டுகொண்டது. அது எழுதப்பட்ட இடம், தெருநாய்களின் உடலில் வளரும் ஒரு புற்றுக்கட்டி.

*

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், செங்குன்றம் கடந்து, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வருவது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகள், அவற்றுக்குப் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகள், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்கள், அவர்களுக்கான டீக்கடைகள், கோழிக்கறிக் கடைகள் என விரிந்த ஊர். இவை எல்லாவற்றுக்கும் நடுவே நாய்கள். ஒவ்வொரு ஆலை வாயிலுக்கும் அதற்கென்று நான்கைந்து நாய்கள் உண்டு. இரவுக் காவலாளிக்கு அவைதாம் துணை. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் போடும் பரோட்டாத் துண்டும் கறிக்கடைக் கழிவும் அவற்றின் உணவு. அவற்றுக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை. ஆனால் அவை அநாதைகளும் அல்ல.

இத்தகைய கூட்டத்தில் பின்புறத்திலிருந்து குருதி சொட்ட நடக்கும் நாயொன்றை எப்போதாவது காண நேரும். வண்டியில் அடிபட்டது என்று எண்ணி நாம் கடந்து போவோம். அருகில் சென்று பார்த்தால் இனப்பெருக்க உறுப்பின் மேல் காலிஃபிளவர் போலச் சிவந்து மலர்ந்த கட்டி தெரியும். முகர்வதாலும் நக்குவதாலும் சில நாய்களுக்கு அது மூக்கிலோ வாயிலோ வருவதும் உண்டு. தமிழகத்துக் கால்நடை மருத்துவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. நாய்களின் தொற்றும் பால்வினைப் புற்று என்று இதற்குப் பெயர். மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

புற்றுநோய் தொற்றாது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். மனிதரைப் பொறுத்தவரை அது உண்மை. புற்றுநோயாளியைத் தொட அஞ்சும் அறியாமை இன்னும் மிச்சமிருக்கும் நம் ஊரில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட வேண்டிய உண்மை. கருப்பைவாய்ப் புற்றிலும் தொற்றுவது வைரஸ்தானே தவிரப் புற்றணு அன்று. புற்று என்பது ஓர் உடலின் உயிரணு அந்த உடலின் ஒழுங்கை மீறிப் பெருகுவது. அந்த உடல் மடியும்போது அதுவும் மடிகிறது. தன் வீட்டைத் தானே எரித்துக்கொள்ளும் கலகம் அது.

இந்த நாய்ப்புற்றோ அப்படி மடிவதில்லை. ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு இங்கே கடந்து போவது கிருமி அன்று, உயிருள்ள புற்றணுவே. நாய்கள் புணர்ந்தபின் நெடுநேரம் பிணைந்து நிற்பதைத் தெருவில் கண்டிருப்போம். அப்போது ஏற்படும் நுண்ணிய கீறல்களின் வழியாகச் சில அணுக்கள் உதிர்ந்து அடுத்த உடலில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுக்கட்டிய கிளை துளிர்ப்பது போல அங்கே வளர்கின்றன. ஆகவே கும்மிடிப்பூண்டி ஆலை வாயிலில் நிற்கும் அந்த நாயின் உடலில் உள்ள கட்டி அந்த நாயுடையது அன்று. அது வேறொரு நாயின் உடல். அந்த வேறொரு நாய் இறந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

*

இதைக் கண்டறிய இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1810இல் லண்டன் கால்நடை மருத்துவர் டெலபியர் பிளேய்ன் இந்நோயைக் குறிப்பிட்டிருக்கிறார். 1876இல் ருஷ்யக் கால்நடை மருத்துவர் ம்ஸ்திஸ்லாவ் நோவின்ஸ்கி செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இக்கட்டியின் துண்டொன்றை எடுத்து நலமாக இருந்த நாயின் உடலில் வைத்தார், அது வளர்ந்தது. புற்றினை ஓர் உடலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டிய முதல் வெற்றிகரமான சோதனை அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆன்டன் ஸ்டிக்கர் இதை விரிவாக ஆராய்ந்தார். நெடுங்காலம் இது அவர் பெயராலேயே வழங்கியது.

ஏதோ ஒரு வைரஸ் இதைப் பரப்புகிறது என்ற ஐயம் தொடர்ந்து இருந்தது. ஆனால் அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் தென்பட்டது. நாயின் உயிரணுவில் 78 குரோமோசோம்கள். இக்கட்டியின் அணுக்களில் அறுபதை ஒட்டிய எண்ணிக்கையே காணப்பட்டது. எந்த நாட்டு நாயிடமிருந்து எடுத்தாலும் ஏறத்தாழ அதே குலைந்த வடிவம்.

2006இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ராபின் வைஸ், கிளாடியோ முர்ஜியா குழுவினர் புதிரை அவிழ்த்தார்கள். இத்தாலி, இந்தியா, கென்யா ஆகிய நாடுகளின் நாய்களிலிருந்து எடுத்த கட்டிகளை, அவற்றைச் சுமந்த நாய்களின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். கட்டி, தன்னைச் சுமந்த நாயோடு பொருந்தவில்லை. மாறாக, இந்திய நாயின் கட்டி கென்ய நாயின் கட்டியோடு பொருந்தியது. ஒரே தாயணுவின் வழிவந்த உறவினர்கள் அவை. இத்தனை நாடுகளில் இத்தனை நாய்களைப் பீடிக்கும் நோய்கள் பல அல்ல. ஒரே ஒரு நாயில், ஒரே ஒரு முறை தோன்றிய புற்று.

அடுத்த கேள்வி, அந்த நாய் யார், எப்போது வாழ்ந்தது என்பது. கேம்பிரிட்ஜில் எலிசபெத் மர்ச்சிசன் குழுவினர் இதைத் தொடர்ந்தனர். கட்டியின் மரபணுத்தொகுதியில் அந்த முதல் நாயின் சாயல் இன்னமும் மிச்சமிருக்கிறது. வடதுருவப் பகுதியின் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு நெருங்கிய இனம். ஐரோப்பியர் வருகைக்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்து பின்னர் ஏறக்குறைய அடியோடு அழிந்துபோன நாய்களோடும் அதற்கு நெருங்கிய உறவு உண்டு என்று 2018இல் தெரியவந்தது. அதாவது, மறைந்துபோன ஒரு நாய்க்குலத்தின் நெருங்கிய உறவை இந்தப் புற்று உயிரோடு வைத்திருக்கிறது.

2019இல் 43 நாடுகளின் 546 கட்டிகளைக் கொண்டு அதன் குலமரம் வரையப்பட்டது. மரபணுப் பிழைகள் ஏறத்தாழச் சீரான வேகத்தில் சேர்வதால் அவற்றை எண்ணிக் காலத்தைக் கணிக்கலாம். அந்தக் கணக்கின்படி முதல் நாய் வாழ்ந்தது 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன், இடம் ஆசியா. கோவிவன் கள்வரைக் கடித்த அன்று இந்தப் புற்றுக்குக் குறைந்தது இரண்டாயிரத்து அறுநூறு வயது ஆகியிருந்தது.

*

அந்தக் குலமரம் சொல்லும் பயணக்கதைதான் வரலாற்று மாணவரைத் திகைக்க வைப்பது. பிறந்த பின் நெடுங்காலம் அப்புற்று ஆசியாவிலேயே தங்கியிருந்தது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது விரியத் தொடங்கி ஐரோப்பாவை அடைகிறது. நில வணிகமும் கடல் வணிகமும் கிழக்கையும் மேற்கையும் பிணைத்த காலம் அது. பிறகு சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் இறங்குகிறது. அது எந்தக் காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் சில நூற்றாண்டுகளுக்குள், அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட கிளைகள் உலகெங்கும் பரவுகின்றன. மனிதர்கள் பாய்மரம் விரித்த வழிகளிலெல்லாம் அவர்களுடைய நாய்கள் போயின. நாய்களின் உடலில் இதுவும் போனது.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் பழவேற்காடு இந்தக் கதையைப் படிக்கும்போது நினைவுக்கு வருகிறது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கிய ஊர். சாயமிட்ட துணிகளும் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் அங்கிருந்து கிழக்கே கப்பலேறினர். கோட்டை சிதைந்துவிட்டது, செதுக்கப்பட்ட கல்லறைகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. கணக்கேடுகள் துணியைப் பொதி பொதியாக எண்ணும்; கப்பலிலிருந்து இறங்கிக் கரைமேட்டில் ஓடிய நாயை எந்தக் கணக்கன் எண்ணுவான்? அந்த எண்ணப்படாத நாய்களின் போக்குவரத்தைத்தான் கட்டியின் மரபணு எண்ணி வைத்திருக்கிறது.

இன்னொரு குறிப்பும் அதில் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் மரபணுவில் தனக்கே உரிய ஒரு தழும்பை விடும். உடலின் வெளிப்புறத்தில் வளரும் கட்டி ஆதலால் இதிலும் அத்தழும்புகள் பதிகின்றன. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அவை கூடுதலாகின்றன. எந்த நாட்டு வெயிலில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதைக்கூட அந்தத் தசைத் துணுக்கு தன்னில் எழுதிக்கொள்கிறது.

*

ஒரு புற்று எப்படி இத்தனை காலம் வாழ முடிந்தது? இதற்கு மறுமொழி தேட, இன்னொரு தொற்றும் புற்றோடு இதை ஒப்பிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள தாஸ்மேனியாத் தீவில் டெவில் என்றழைக்கப்படும் ஒரு பைம்மா விலங்கு உண்டு. 1996இல் அவற்றின் முகத்தில் கோரமான கட்டிகள் காணப்பட்டன. இரைக்காகவும் துணைக்காகவும் அவை ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்ளும் பழக்கமுடையவை. கடியின் வழியே புற்றணு கடந்தது. நோய் வந்த விலங்கு பெரும்பாலும் ஓராண்டுக்குள் இறந்தது. பல பகுதிகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. 2014இல் அதே தீவில் முற்றிலும் வேறான இரண்டாவது தொற்றும் புற்று ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது.

டெவிலின் புற்று இளையது; சில பத்தாண்டுகளே வயதானது. அது கொல்கிறது. நாயின் புற்று முதியது. அது வருத்துகிறது, ஆனால் அரிதாகவே கொல்கிறது. அந்நிய உடலின் அணு என்று அடையாளம் காட்டும் புரதங்களை முதலில் அது மறைத்துக்கொள்கிறது. நாயின் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அது வந்திருப்பதே தெரிவதில்லை. கட்டி வளர்கிறது, அடுத்த நாய்க்குக் கடக்கிறது. பின்னர் பல நாய்களில் அடையாளங்கள் வெளிப்படுகின்றன, உடல் விழித்துக்கொள்கிறது. கட்டி தானாகவே சுருங்கி மறைவதும் உண்டு. அப்படித் தேறிய நாயை அது மறுமுறை எளிதில் பற்றுவதில்லை. ஓம்புயிரை, அதாவது தன்னைத் தாங்கும் உடலை, அழிக்காமல் சிறிது காலம் தங்கி வெளியேறும் குடிக்கூலிக்காரன் போன்ற வாழ்க்கை.

இதைப் புற்றின் ஞானம் என்று சொல்லிவிடத் தோன்றும். அது தவறு. தன் ஓம்புயிர்களை முற்றாகக் கொன்ற தொற்றும் புற்றுகள் முன்பு தோன்றியிருந்தால் அவையும் அவற்றோடு சேர்ந்து மறைந்திருக்கும். நம் கண்ணுக்கு எஞ்சுவது கொல்லாததுதான். சமரசம் என்பது நற்குணம் அன்று. தப்பியவற்றிடம் நாம் காணும் தழும்பு. மறுபுறம் ஓம்புயிரும் சும்மா இருப்பதில்லை. டெவில்களிலேயே, நான்கு முதல் ஆறு தலைமுறைகளுக்குள் நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் மாறத் தொடங்கியதை 2016இல் ஆய்வாளர்கள் காட்டினர். சில விலங்குகளில் கட்டி சுருங்கியதையும் கண்டனர். நோயின் பரவல் வேகம் தணிந்துவிட்டது, விலங்கு அடியோடு அழியாமல் நோயோடு வாழும் நிலைக்குச் செல்லக்கூடும் என்று 2020இல் மற்றோர் ஆய்வு கூறியது. நாய்கள் என்றோ கடந்துவந்த கட்டத்தை டெவில்கள் நம் கண்முன் கடக்கின்றன போலும்.

நாயின் புற்றில் இன்று கூர்மையான பரிணாமப் போட்டி எதுவும் தென்படவில்லை என்பது 2019 ஆய்வின் வியப்பான முடிவு. வாழ்வதற்குத் தேவையான சில மாற்றங்களைத் தொடக்கத்திலேயே அது பெற்றுவிட்டது. அதன்பின் சேர்ந்தவை பெரும்பாலும் திசையற்ற பிழைகள். பாலியல் கலப்பு இல்லாத உயிருக்குப் பிழைகளைக் களையும் வழி குறைவு. காலம் அதைத் தேய்க்கிறது. ஆயினும் ஒன்றை மட்டும் அது புதுப்பித்துக்கொள்கிறது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவை, தங்கும் நாயிடமிருந்து அவ்வப்போது கவர்ந்துகொள்கிறது. 39 நாடுகளின் 449 கட்டிகளை ஆராய்ந்து, குறைந்தது ஐந்து முறை இது நிகழ்ந்திருப்பதாக 2016இல் கண்டார்கள். உடல் பழையது, அடுப்பு மட்டும் புதியது.

*

இனி, ஆலை வாயிலில் நிற்கும் அந்த நாய்க்கு வருவோம். பாலூட்டிகளில் நாமறிந்த மிக நீண்ட உயிர்த்தொடரைத் தான் சுமக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவது வலி, ஈ, நாற்றம் கண்டு விரட்டும் மனிதர்கள். வியப்பு நமக்கு, துன்பம் அதற்கு. இதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வதில் பொருளில்லை.

இந்நோய்க்கு மருந்து இருக்கிறது. அதுவும் நமக்கு அந்நியமானதன்று. வின்கிறிஸ்டின் என்னும் அந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. யாரும் நீர் ஊற்றாமலே இடுகாட்டு ஓரங்களில் பூத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்று நாம் அழைக்கும் செடி. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டு கப்பலேறி உலகம் சுற்றிய அதுவும் இந்தப் புற்றைப் போல ஒரு கடலோடிதான். 1960களில் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு மருந்தாகி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. தென்தமிழகத்தில் இன்றும் அதைப் பயிரிடுகிறார்கள். வாரம் ஓர் ஊசி வீதம் நான்கு முதல் எட்டு வாரங்கள் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் முற்றிலும் குணமடைகின்றன. மனிதப் புற்றுகளில் இத்தனை எளிதாக மசிபவை மிகச் சில.

சிக்கல் மருந்தில் இல்லை. ஒரே தெருநாயை வாராவாரம் பிடித்து அழைத்து வர யாரேனும் ஒருவர் வேண்டும். இரவில் பிஸ்கட் போடும் காவலாளியோ, அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும் டீக்கடைக்காரரோ மனம் வைத்தால் நடக்கும். பெயர் இல்லாத நாய்க்கு நடக்காது.

நோயையே ஒழிக்கவும் வழி உண்டு. பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டில் இந்தப் புற்று மறைந்தது. மருந்தால் அன்று. 1906ஆம் ஆண்டின் நாய்ச் சட்டம் உள்ளிட்ட கட்டுப்பாடுகளுக்குப் பின் தெருவில் நாய் இல்லாமல் போயிற்று. தெருநாய் இல்லாத இடத்தில் இப்புற்றுக்கும் இடமில்லை. நாமும் அதைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நெடுங்காலம் செய்தோம். சென்னை மாநகராட்சி தலைமுறை தலைமுறையாக நாய்களைப் பிடித்துக் கொன்றது; நாய்கள் குறையவில்லை. 1964இல் ப்ளூ கிராஸ் அமைப்பு கருத்தடை என்ற மாற்றுவழியை முன்வைத்தது. 1996இல்தான் மாநகராட்சி அதை ஏற்றது. 2001இல் அது நாட்டின் விதியாயிற்று. 2023இல் அவ்விதிகள் புதுக்கப்பட்டன. டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையும், சில நாட்களிலேயே அதை அந்த நீதிமன்றம் திருத்தியதும், இந்த வழக்கு நம் மனத்தில் இன்னும் முடியவில்லை என்பதையே காட்டுகின்றன.

வெறிநாய்க்கடியை முன்வைத்தே இவ்விவாதம் எப்போதும் நடக்கிறது, அது நியாயமும்கூட. குழந்தையைக் கடிகொடுத்த பெற்றோரிடம் நாயின் வரலாறு பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கருத்தடை முழுமையாக நடக்கும் ஊரில் இந்தப் புற்றும் மெல்ல வழியற்றுப் போகும் என்பது கணக்கில் சேர வேண்டும். புணர்ச்சியே அதன் முதன்மைப் பாதை. பாதை அடைபட்டால் பல்லாயிரம் ஆண்டுப் பயணம் அந்த ஊரில் முடியும். நாய்களைக் கொன்றும் அதை முடிக்கலாம், கொல்லாமலும் முடிக்கலாம். பிரிட்டன் முதல் வழியில் முடித்தது. இரண்டாம் வழியில் முடித்துக்காட்டும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

அப்படி ஒருநாள் அந்தப் பழைய நாய் கடைசியாக இறக்குமானால் அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. அதன் மரபணுவை முழுமையாகப் படித்து வைத்துக்கொண்டோம். அதன் நடுகல் அதுவே. நாம் வருந்த வேண்டியது, மார்கழிப் பனியில் லாரிக்கு அடியில் சுருண்டு படுத்துத் தன் புண்ணை நக்கிக்கொண்டிருக்கும் நாய்க்காக. அதற்குக் கல் வேண்டாம். எட்டு வாரம் அதைத் தேடி வர ஓர் ஆள் போதும்.